எட்டுத் தூணும் பக்கிரி அண்ணன் மடையும்

என்னைப் போன்ற ஒருத்தி எழுத உட்காருவதே அதிகப்பிரசங்கித்தனம். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். இத்தனை வருடத்தில் நான் அதிகம் எழுதியது போட்டோ கவரின் மேல் ஆள் பெயரும் எத்தனை காப்பி என்பதும்தான். ஆனால் இந்தக் கதையை என் வீட்டுக்காரர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் அரை அடி ஏறிவிடுகிறது. போன பொங்கலுக்கு என் கழுத்து வரை வந்துவிட்டது. (உண்மையில் முழங்காலுக்குக் கீழேதான்.) இன்னும் பேசாமல் இருந்தால் நான் மூழ்கிப் போனதாகவே முடித்துவிடுவார் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

கூச்சப்படுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தப்பு. நாங்களும் சொல்வோம், வாயைத் திறக்காமல் சொல்வோம். "இது உங்களுக்குத் தெரியும்ல?" என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். அப்புறம் ஏன் தெரியாது என்று அவர்கள் கேட்பார்கள், அதற்கும் திறக்க வேண்டும். தலையாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. அப்படி நான் ஆட்டிய தலைகளில் அதிக விலை கொடுக்க வைத்த தலை, கயல்விழியிடம் ஆட்டியது.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில் ஒரு கடைத்தெருவில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, இவைதான் தொழில். உள்ளே ஒரு நீலத் திரை, அதற்கு முன்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். எங்கள் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் வெளிநாடு போனார்கள்.

கயல்விழி பக்கத்துக் கிராமம். அவள் அம்மா நடவும் களையெடுப்பும் பார்த்துப் படிக்க வைத்த பெண், இப்போது ஆர்க்கிடெக்ட். வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து கிராமத்துக்கு ஒரு படிப்பகம் கட்டியபோது, கட்டடத்தை அவள்தான் வரைந்து கொடுத்தாள். முன்னால் எட்டுத் தூண்கள். இரண்டு மாடி உயரம், மெலிசாக, நேராக நிற்கும். அவள் தனியாகச் செய்த முதல் கட்டடம் அது. தமிழில் வரும் ஒரு கட்டடப் பத்திரிகை படம் கேட்டது. நான் என் டிஜிட்டல் கேமராவில் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள்.

"தனம் அக்கா, படம் திரும்பி வந்துடுச்சு."

"ஏம்மா, மங்கலா இருக்கா?"

"மங்கலா இல்ல. தூணெல்லாம் உள்பக்கம் சாயுதாம். மேல போகப் போக ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற மாதிரி இருக்காம். நேரா நின்னாத்தான் போடுவாங்களாம்."

உயரமான கட்டடத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் அப்படித்தான் வரும். கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல், அதன் முன்பக்கத்து லென்சை மட்டும் மேலே ஏற்றுகிற பழைய மாதிரிக் கேமரா ஒன்று உண்டு. நடுவில் ஆர்மோனியம் மாதிரி மடிப்புத் துருத்தி. பின்னால் ஒரு கண்ணாடி. தலையில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். வியூ கேமரா என்பார்கள்.

"உங்களுக்கு அது பழக்கம் இருக்குல்லக்கா?"

தலையை ஆட்டினேன். (எனக்கு முன்னால் ஸ்டூடியோவை வைத்திருந்தவர் அப்படி ஒன்றைப் பரணில் போட்டிருந்தார். பூனை அதில் இரண்டு ஈடு குட்டி போட்டது. அந்த அளவு பழக்கம்.)

"ஞாயித்துக்கிழமை எடுத்தாத்தான் உண்டுக்கா. திங்கக்கிழமை காலைல திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுருவாங்க, பேனர் கட்டிருவாங்க. அப்புறம் தூணே தெரியாது. பத்திரிகைக்கு அந்த வாரமே அனுப்பணும்." நீலத் திரையின் மடிப்பை இழுத்துவிட்டாள். "எங்கம்மா நம்ப மாட்டேங்குதுக்கா."

"என்னத்த?"

"நான்தான் கட்டுனேங்கிறத. 'கொத்தனாரு கட்டுனாரு, நான் பாத்தேனே, நீ குடையப் புடிச்சிக்கிட்டு நின்னே'ங்குது. புத்தகத்துல பேரு போட்டு வந்தா நம்பும்."

அதற்குப் பிறகு யாரால் தெரியாது என்று சொல்ல முடியும்?

அய்யம்பேட்டையில் ஜமால் பாய் என்று ஒருவர். இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். பழைய கேமராக்கள் சேர்ப்பார். தெரிந்தவர்களுக்கு இரவல் கொடுப்பார். போனில் கேட்டேன். "வாங்கம்மா, வந்து எது தோதோ எடுத்துக்கங்க" என்றார். எடுத்துக்கொள்வதுதான் வேலை என்று நினைத்துப் போனேன். அங்கே போனால் அது பரீட்சை.

மேசை மேல் இரண்டு கேமரா வைத்திருந்தார். ஒன்று மரத்தில் செய்தது, டிபன் கேரியர் கனம்தான் இருக்கும், மடித்தால் பெட்டியாகிவிடும். இன்னொன்று இரும்புத் தண்டின் மேல் உட்கார்ந்திருந்தது, ஏகப்பட்ட திருகாணிகளுடன்.

"இது தூக்கலாம், லேசு. அது கனம், ஆனா எல்லாப் பக்கமும் திரும்பும். எதும்மா வேணும்?"

லேசானதைக் கேட்டால் கற்றுக்குட்டி என்று நினைப்பாரோ என்று தோன்றியது. கனமானதைக் காட்டினேன். பாய் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. அதைக் காப்பாற்றவே அடுத்த பதிலையும் சொன்னேன்.

"லென்சு ரெண்டு இருக்கு. தொண்ணூறும் இருக்கு, இருநூத்திப் பத்தும் இருக்கு. எதிர்ல நிக்க எவ்வளவு எடம் இருக்கும்?"

கட்டடத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ரோடு, வாய்க்கால், அதற்கப்புறம் அடிவானம் வரைக்கும் வயல்.

"நெறைய இருக்கு பாய். எதிர்ல முழுக்க வயல்தான்."

"அப்ப இருநூத்திப் பத்தே போதும். தள்ளி நின்னு எடுக்கணும், அவ்வளவுதான். ஸ்டாண்டு தரையில நிக்கணுமா, மண்ணுலயா?"

"மண்ணுல பாய்."

"அப்ப காலுல கூர் வச்சது எடுத்துக்கங்க. நல்லாக் குத்திக்கிட்டு நிக்கும்."

குத்திக்கொண்டு நிற்கும் என்றார். எவ்வளவு ஆழம் குத்திக்கொண்டு போகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொண்ணூறு என்பது கிட்டே நின்றே முழுக் கட்டடத்தையும் பிடிக்கிற லென்ஸ், அதை எடுத்திருந்தால் ரோட்டிலேயே செருப்புக்கூட நனையாமல் நின்றிருக்கலாம் என்பதும் அப்போது தெரியாது. எண் பெரிதாக இருந்தது, கொண்டு வந்துவிட்டேன்.

பிலிம் ஆறே ஆறு ஷீட்தான் இருந்தது. மெலிசான பலகை மாதிரி மூன்று பெட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷீட். பாய் வாசல் வரை வந்தார். "காத்து அடிச்சா பையை ஸ்டாண்டுக்கு நடுவுல தொங்க விட்டுருங்க, ஆடாது. கண்ணாடியில படம் தலைகீழாத் தெரியும், அதுக்குப் பயப்படாதீங்க. தண்ணி மட்டும் படக்கூடாதும்மா."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய காலண்டர் அட்டையைப் பிலிமாக நினைத்துக்கொண்டு செருகுவதும், பிலிமை மறைக்கும் மூடியை உருவுவதும், திரும்ப மூடுவதும் எனப் பயிற்சி எடுத்தேன். பத்துத் தடவையில் ஆறு தடவை மூடியை உருவ மறந்தேன். குழம்புக்குப் புளி கரைக்கும்போதுகூடக் கை திருகாணி திருகியது. ஆறு ஷீட், எட்டுத் தூண், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"பேசாம அந்தப் புள்ளைகிட்ட எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சொல்றீங்களா?"

"நான் ஏன் சொல்லணும்? தலைய ஆட்டுனது நீ."

ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய லோடு ஆட்டோவில் கேமராவை ஏற்றி, பெண் அழைப்புக்குக் கூட்டிப் போவது போல் மெதுவாகக் கொண்டு போனோம். கயல் தஞ்சாவூரிலிருந்து ஒன்பதரை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். (யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என் கை வேலை செய்யாது.)

ரோட்டில் ஸ்டாண்டை வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நாலு தூண்தான் வந்தது. ரோட்டோரத்துக்குப் போனேன், ஐந்தரை. பின்னால் வாய்க்கால். சிமெண்டுப் பலகையில் வாய்க்காலைத் தாண்டி வயலில் இறங்கினேன். அறுத்துப் போட்ட தாளும் காய்ந்த வெடிப்புமாகக் கிடந்தது வயல். பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். முப்பது நாற்பது அடி உள்ளே போனதும் எட்டுத் தூணும் வந்து நின்றன.

அது பக்கிரி அண்ணன் வயல். அவர் அந்தக் கோடியில் மடையருகே மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிட வேண்டுமே. இங்கிருந்தே சிரித்தேன். அவ்வளவு தூரத்துக்குச் சிரிப்பு தெரியாது என்பது இப்போது புரிகிறது.

தூண்களின் உயரத்துக்காக ஸ்டாண்டை நன்றாக ஏற்றியதில் கண்ணாடி எனக்கு எட்டவில்லை. ஆட்டோவிலிருந்து சிவப்பு ஸ்டூலைக் கொண்டு வந்து ஏறி நின்றேன். பையை நடுவில் தொங்கவிட்டேன். சைக்கிள்கள் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரரைப் படிப்பகத்துப் பக்கம் அனுப்பினேன். கறுப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உதறு உதறி, தலைக்கு மேல் வீசிப் போர்த்திக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தத் துணிக்குள் இருந்த அளவு நிம்மதியாக நான் எங்கேயும் இருந்ததில்லை. என் கல்யாணத்திலேயே யாராவது இப்படி ஒன்றைக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். என்னை யாரும் பார்க்க முடியாது. எனக்கு மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் தலைகீழாக எட்டுத் தூண். லென்சை மேலே ஏற்றினேன். தூண்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, நூல் பிடித்தது போல் நேராக நின்றன. ஒரு வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது.

வெளியே வர மனமில்லை. பிலிமைச் செருகுவது, உருவுவது, கையை மட்டும் வெளியே நீட்டி லென்சை அமுக்குவது என எல்லாவற்றையும் உள்ளிருந்தே செய்தேன். (எடுக்கும்போது துணிக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லையாம். பாய் பிறகு சொன்னார்.) இரண்டு ஷீட் முடிந்தது. ஒரே ஒரு குறைதான், வானம் வெறிச்சென்று இருந்தது. "கொஞ்சம் மேகம் இருந்தா நல்லாருக்கும்க்கா" என்று கயல் சொல்லியிருந்தாள்.

அப்போது கண்ணாடியின் மேல்பக்கத்தில் ஒரு வெள்ளை மினுக்கம் தெரிந்தது. மெல்ல நகர்ந்தது, பரவியது, ஓரம் பளபளத்தது. மேகம் வருகிறது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேலே தெரிவது வானம்தானே. நாற்பது வருடமாக அப்படித்தானே பழக்கம். மேகம் நன்றாகப் பரவட்டும் என்று காத்திருந்து மூன்றாவது ஷீட்டை எடுத்தேன். இன்னும் அழகாகப் பரவியது. நாலாவதையும் எடுத்துப் பையில் வைத்தேன்.

தூரத்தில் வீட்டுக்காரர் ஏதோ கத்தினார். அவர் எப்போதும் கத்துவார்.

திரும்பக் கண்ணாடியைப் பார்த்தால் தூண்கள் லேசாகச் சாய்ந்திருந்தன. திருகாணி நழுவிவிட்டது என்று நினைத்து ஒரு திருகு திருகி நேராக்கினேன். மறுபடி சாய்ந்தது. மறுபடி திருகினேன். மூன்றாவது தடவை எட்டுத் தூணும் சேர்ந்து, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்கள் போல ஒரே பக்கமாகச் சரிந்தன. ஸ்டூலும் கேமராவும் சேர்ந்தே இறங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாய்ந்தபடியே பிடித்துவிடுவோம் என்று ஐந்தாவது ஷீட்டைச் செருகி மூடியை உருவினேன். அப்போதுதான் இடுப்பு ஒரு பக்கமாகப் போனது. துணியை விலக்கிப் பார்த்தேன்.

வயலைக் காணவில்லை. நான் ஒரு குளத்தின் நடுவில் ஸ்டூல் போட்டு நின்றுகொண்டிருந்தேன். தலைகீழ்க் கண்ணாடியில் மேகமாகத் தெரிந்தது இந்தத் தண்ணீர்தான்.

ஸ்டாண்டின் இடதுகால் இன்னும் குத்திக்கொண்டே போனது. கேமரா என் பக்கம் சரிந்தது. தண்ணீர் படக்கூடாது என்று பாய் சொன்னது மட்டும்தான் மண்டையில் ஓடியது. கட்டிப் பிடித்தேன். ஸ்டூல் நழுவியது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கியபடி சேற்றில் உட்கார்ந்தேன். கறுப்புத் துணி என்னைச் சுற்றி மிதந்தது.

மடைப் பக்கத்திலிருந்து பக்கிரி அண்ணன் ஓடி வந்தார். "யாரு, தனமா? வயலுக்குள்ள என்னம்மா பண்றே?"

வீட்டுக்காரர் வாய்க்காலைத் தாண்டிக்கொண்டே கத்தினார். "அண்ணே, மடையக் கட்டுங்கண்ணே. கேமரா போயிடும்."

"கட்டுறதா? ஒம்பது நாளு காத்துக் கெடந்து இன்னிக்கித்தான்டா எனக்கு மொறை வந்திருக்கு. கீழ்மடைக்காரன் பதினோரு மணிக்கு வந்து நிப்பான். ஏம்மா, நீதானே துண்ட வீசுனே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் வயலில் கத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். வயல் கோடியில் நிற்கிறவர் துண்டை ஒரு வீசு வீசினால், மடையில் இருப்பவர் திறந்துவிடுவார். பக்கிரி அண்ணனுடைய சம்சாரம் வரப்பைச் சரிபார்த்துவிட்டுத் துண்டு வீசுவதாக ஏற்பாடு. அந்தக்கா இன்னும் வீட்டிலிருந்தே கிளம்பவில்லை. துணியை வீசியது நான்.

"கறுப்புத் துணியா இருக்கேன்னு பாத்தேன்" என்றார் பக்கிரி அண்ணன். "சரி, அவளுக்கு என்ன கெடைச்சிதோன்னு தொறந்துட்டேன். மடையக் கட்டவாம்மா, நீ சொல்லு."

முறைத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் நாக்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை. நனைந்தபடி உட்கார்ந்து, வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த வாரத்தில் நான் உண்மையாக ஆட்டிய தலை அது ஒன்றுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கிய கயல், குறுக்கு வழியாக எனக்குப் பின்பக்கத்துத் தூர வரப்பில் வந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தபோது கையில் போனோடு நின்றாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள்.

கரையேறிப் பையைத் திறந்தோம். ஸ்டாண்டு இறங்க இறங்க அதுவும் இறங்கி முழுகியிருந்தது. பிலிம் பெட்டிகளைச் சாய்த்தால் தண்ணீர் கொட்டியது. நான் விழுந்ததில் கேமராவிலிருந்து கழன்ற பெட்டியில், ஐந்தாவதை மூடி உருவிய நிலையில் வெயில் பார்த்துவிட்டது. ஆறாவது அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு சேறாகிவிட்டது.

"பரவால்லக்கா" என்றாள் கயல். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆட்டோவில் ஏறினோம். பாதி வழியில் கயல் போனை எடுத்துப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"அக்கா, இங்க பாருங்க."

"இப்ப எதுக்கும்மா என்னையப் படம் புடிச்சே?"

"கை தானாப் போயிடுச்சுக்கா. ஆனா தூணப் பாருங்க."

எட்டும் நேராக நின்றன. அவள் அவ்வளவு தள்ளி நின்றதால் போனை அண்ணாந்து பிடிக்க வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். கனமான இரும்பும், இருநூற்றுப் பத்தும், ஆறு ஷீட்டும் வேண்டாம், தள்ளி நின்றால் போதும். தண்ணீரில் எட்டுத் தூணின் நிழலும் விழுந்து பதினாறாக நின்றன. நடுவில் கறுப்பாக, கைகளை மேலே தூக்கியபடி ஒரு உருவம்.

"என்னைய வெட்டிடலாம்ல?"

"வெட்டுனா நடுவுல நாலு நெழலும் போயிடும்க்கா."

அதையேதான் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து ஒரு பக்கம் முழுக்க வந்தது. அவள் பெயர் பெரிய எழுத்தில். கீழே ஒரு வரி: 'முன்புறம்: வயலில் வேலை செய்யும் பெண்.' அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'படம்: தனலெட்சுமி.' நான் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்ததற்காக அந்தப் பெண் போட்ட பெயர்.

கயலின் அம்மாவிடம் நாங்கள் எல்லோரும் போய்க் காட்டினோம். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மகள் பெயரை விரல் வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மாறியது. நம்பிவிட்டார் என்று கயல் என் கையைப் பிடித்தாள். விரல் கீழே இறங்கியது.

"நாத்துக்கட்டு இல்லாம நடுவயல்ல குந்திக்கிட்டிருக்கிறது யாரு? தனம்தானே?"

"ஆமாம்மா."

"இந்தா, போட்டோ எடுத்ததும் தனம்னு போட்டிருக்கு. சேத்துல குந்திக்கிட்டு, அங்கேருந்து இவளே எப்படி இவளை எடுத்தா?" புத்தகத்தை மூடினார். "புத்தகத்துல போடுற பேரை எல்லாம் நம்ப முடியாது போலருக்கே."

அவர் கணக்கில் படிப்பகத்தை இன்றுவரை கொத்தனார்தான் கட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாராம். போன மாதம் சம்பந்தி வீட்டார் வந்தபோது, காபிக்கு முன்னாலேயே அதைத்தான் எடுத்து வந்தாராம்.

எங்கள் வீட்டில் வானம் மூடினால் போதும், "தனம், அது மேகமா தண்ணியா, நல்லாப் பாத்துச் சொல்லு" என்பார் வீட்டுக்காரர். கணக்கெடுக்க வந்தவர் என் தொழில் என்ன என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் இவரே, "வயலில் வேலை செய்யும் பெண்" என்று சொல்லிவிட்டார். நான் தலையாட்டினேன். வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

சேற்றில் உட்கார்ந்ததற்கு மறுநாள் திங்கட்கிழமை. காலையில் படிப்பகத்துக்குப் பந்தல் போட்டார்கள். நான் கேமராவைத் துடைத்துக் காயவைத்து ஜமால் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்து, தண்ணீர் பட்டுவிட்டது என்று சொன்னேன். துருத்தி மடிப்பிலிருந்து ஒரு சின்ன நண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டார். மத்தியானம் கடையைத் திறந்தேன். மூன்று பேர் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தார்கள். ஸ்டூல் பக்கிரி அண்ணன் வயலில் இருந்ததால் நிற்க வைத்து எடுத்தேன்.